பால்ரோகுக்குச் சிறகு உண்டா? ஃபேன்டஸி நாவல்களைப் படமாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கும், திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு ஃபேன்டஸி நாவலைப் படமாக்கப்போவதாக நீங்கள் அறிவிக்கும்போதெல்லாம், விளம்பரத்தில் ஏறக்குறைய ஒரே வாக்கியம் வருகிறது. இதுவரை எழுத்தில் மட்டுமே இருந்த உலகம் இனி உயிர் பெறப்போகிறதாம். அந்த நாவலைப் படித்தவர்கள் ஏராளமாக இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் அந்த உலகம் பல வருஷமாக உயிரோடுதான் நடமாடிக்கொண்டிருக்கிறது. அதில் மழை பெய்கிறது, குதிரை ஓடுகிறது, கிழட்டு மந்திரவாதி இருமுகிறார். உங்கள் அறிவிப்பு வரும்வரை அது செத்துக் கிடந்தது என்கிற மாதிரிப் பேசுவதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

ஃபேன்டஸி நாவல்களைப் படிக்கப் பிடிக்கும், அவற்றின் படங்களைப் பார்க்க அவ்வளவாகப் பிடிக்காது என்று சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருவர். எங்களைப் பற்றி உங்களிடம் ஒரு சித்திரம் இருக்கிறது. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "இந்தக் காட்சி எங்கே, அந்தப் பாத்திரம் எங்கே" என்று கணக்குக் கேட்கிறவர்கள் என்று. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் குறை அது இல்லை. அதனால் அந்தக் கணக்கை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன்.

வெட்டுவது உங்கள் தொழிலில் ஒரு பகுதி. ஹாரி பாட்டர் வரிசையிலேயே மிகத் தடிமனானது 2003இல் வந்த ஐந்தாவது புத்தகம். அதை வைத்து எடுத்த படம் 138 நிமிடம்தான். எட்டுப் படங்களில் கடைசிப் படம் ஒன்றுதான் அதைவிடச் சிறியது. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் மந்திர மோதிரம் கதாநாயகன் ஃப்ரோடோவின் கைக்கு வந்ததற்கும் அவன் ஊரை விட்டுக் கிளம்புவதற்கும் நடுவே 17 வருஷம் ஓடுகிறது. படத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் சுருங்கிப்போனது. டாம் பாம்படில் என்ற ஆசாமி படத்தில் வரவே இல்லை. அதற்காக இன்றைக்கும் சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. பாம்படிலின் பாட்டு வந்தால் நாவலிலேயே இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுகிற ரகசியக் கோஷ்டியும் உண்டு. அவர்கள் வெளியே சொல்வதில்லை. எது எப்படியோ, வெட்டுங்கள். அதில் எனக்கு வழக்கு இல்லை. வரிக்கு வரி, ஒரு காற்புள்ளி விடாமல் எடுத்தாலும் என் குறை அப்படியேதான் இருக்கும்.

அதே நாவலில் வரும் பால்ரோகை எடுத்துக்கொள்வோம். மோரியா என்ற பாதாளச் சுரங்கத்தின் இருட்டில், குறுகலான பாலத்தில் மந்திரவாதி காண்டால்ஃபை மறித்து நிற்கும் நெருப்பும் நிழலுமான பூதம். அதற்குச் சிறகு உண்டா? நாவலை எழுதிய டோல்கீன் முதலில், அதைச் சுற்றியிருந்த நிழல் இரண்டு பெரிய சிறகுகளைப் போல நீண்டது என்கிறார். சற்று நேரம் கழித்து, அதன் சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்கிறார். முதல் தடவை 'போல' இருந்தது. இரண்டாவது தடவை அதைக் காணோம். நிழல்தான் சிறகு மாதிரித் தெரிந்ததா, நிஜமாகவே சிறகுதானா? வாசகர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிறகு இருந்தால் பள்ளத்தில் விழும்போது ஏன் பறக்கவில்லை என்று ஒரு கட்சி. சிறகு இருப்பதெல்லாம் பறக்குமா, கோழி பறக்கிறதா என்று எதிர்க்கட்சி. இரண்டு பேரும் சொல்வது அதே பக்கத்தை வைத்துத்தான்.

2001இல் படம் வந்தது. சிறகு இருந்தது. கொம்பும் இருந்தது, வளைந்த கொம்பு. மேல்முறையீடு இல்லாமல் வழக்கை முடித்துவிட்டார்கள்.

இயக்குநரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு வேறு வழி இல்லை. கேமராவுக்கு முன்னால் ஒரு 'போல'வைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. சிறகு இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லாமல் இருக்க வேண்டும். கொம்பு எத்தனை, எந்தப் பக்கம் வளைவு, வாயைத் திறந்தால் உள்ளே என்ன நிறம், தோல் பாறை மாதிரியா கரி மாதிரியா, இத்தனையையும் யாராவது உட்கார்ந்து முடிவுசெய்தால்தான் ஒரு ஃப்ரேம் உருவாகும். முடிவுசெய்யாமல் விடுவது என்பது எழுதுகிறவருக்கு இருக்கும் வசதி. படிக்கிற எனக்கு அந்தப் பூதத்தின் முகமே தெரியவில்லை. நெருப்பு தெரிந்தது, இருட்டு தெரிந்தது, பெரிதாக ஏதோ ஒன்று வருவது தெரிந்தது. பயம் அந்த 'ஏதோ ஒன்று'க்குள்தான் இருந்தது. படத்தில் அதன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டேன். அருமையான வேலைப்பாடு. பயம் மட்டும் வரவில்லை.

டோல்கீனுக்கே இது தெரிந்திருந்தது. 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பிறகு 1947இல் அது கட்டுரையாக அச்சானது. அதில் ஓர் இடத்தில், ஒருவன் குன்றேறிக் கீழே பள்ளத்தாக்கில் ஓர் ஆற்றைப் பார்த்தான் என்று கதை சொன்னால், கேட்கிற ஒவ்வொருவரும் தான் பார்த்த குன்றுகளையும் ஆறுகளையும் வைத்தே ஒரு காட்சியை எழுப்பிக்கொள்வார், அதிலும் குறிப்பாகச் சின்ன வயதில் 'குன்று' என்றால் இதுதான் என்று முதன்முதலில் மனசில் பதிந்த அந்தக் குன்றை வைத்து எழுப்பிக்கொள்வார் என்கிறார். கண்ணால் காட்டும் கலை எதுவானாலும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் தர முடியும். மேக்பெத் நாடகத்தின் சூனியக்காரிகளைப் படிக்கும்போது பொறுத்துக்கொள்ள முடிகிறது, மேடையில் பார்த்தால் ஏறக்குறையச் சகிக்கவில்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார். நாடகம் என்கிற வடிவத்துக்கும் ஃபேன்டஸிக்கும் ஒத்துப்போகாது என்பது அவர் கட்சி. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் அந்தக் குன்று பற்றிச் சொன்னதை மறுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

"இது எல்லா நாவலுக்கும் பொருந்துமே, ஃபேன்டஸிக்கு மட்டும் என்ன தனி நியாயம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண வாழ்க்கையைச் சொல்லும் ஒரு நாவலில் ரயில் நிலையம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் நீங்கள் ஒரு ரயில் நிலையத்தைக் காட்டுகிறீர்கள். எனக்கு ஏற்கெனவே நூறு ரயில் நிலையங்கள் தெரியும், உங்களுடையது நூற்றொன்றாவது. என்னுடையதை அது அழித்துவிடாது. ஆனால் டிராகனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்ததில்லை. யாருமே பார்த்திராத ஒன்றுக்கு யார் முதலில் திரையில் உருவம் கொடுக்கிறாரோ, அவர் கொடுத்ததே உண்மை உருவம் என்று நிலைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கிற குழந்தைக்கு உங்கள் டிராகன்தான் வந்து நிற்கும். தானாக ஒன்றைச் செய்துபார்க்கும் வாய்ப்பு அதற்கு ஒரு தடவைதான் இருந்தது.

அடுத்தது கொஞ்சம் பெரிய விஷயம். எதைக் காட்டுவது என்பதைப் போலவே, எப்போது காட்டுவது என்பதும் கதைதான். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் உர்சுலா லே குவினின் எர்த்சீ.

அந்த வரிசையின் முதல் நாவல் 1968இல் வந்தது. தீவுகளால் ஆன உலகம். கெட் என்ற ஆடு மேய்க்கும் பையன் மந்திரம் கற்கிறான், கர்வத்தால் ஒரு தவறு செய்கிறான், தான் கட்டவிழ்த்துவிட்ட நிழலிடமிருந்து ஓடுகிறான். அவனுடைய தோல் செம்பழுப்பு நிறம். அந்தத் தீவுகளில் பெரும்பாலானவர்கள் பழுப்பும் கறுப்புமானவர்கள். வெள்ளைத் தோல் உள்ளவர்கள் கிழக்கே சில தீவுகளில் இருந்து வந்து கொள்ளையடிப்பவர்கள். ஆனால் லே குவின் இதை முதல் பக்கத்தில் கொட்டவில்லை. ஓர் இடத்தில் ஒரு சொல், பிறகு இன்னோர் இடத்தில் ஒரு சொல் என்று மெல்ல மெல்ல நழுவவிடுகிறார். அது ஏன் என்று பின்னால் அவரே விளக்கினார். அன்றைய வெள்ளைக்காரச் சிறுவர்கள் ஒரு பழுப்பு நிறப் பையனோடு எடுத்த எடுப்பில் ஒன்ற மாட்டார்களோ என்று நினைத்தார். முதலில் கெட்டின் தோலுக்குள் புகுந்துகொள்ளட்டும், அப்புறம் அது வெள்ளைத் தோல் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தத் தகவலைத் தள்ளிப்போட்டார்.

எவ்வளவு அமைதியான வேலை, பாருங்கள். வாசகர் ஒருவர் சில அத்தியாயங்கள் கெட்டாகவே வாழ்ந்துவிடுகிறார். அவனுக்கு அடிபட்டால் இவருக்கு வலிக்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் எப்படி இருப்பான் என்பது தெரிகிறது. தெரிந்த பிறகு திரும்பி வெளியே வர முடியாது. இதை நீங்கள் எப்படிப் படமாக்குவீர்கள்? நடிகர் திரைக்கு வந்த முதல் நொடியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். மிகச் சரியான நடிகரைப் போட்டாலும் தெரிந்துவிடும். தாமதமாகச் சொல்வது என்ற கருவி உங்கள் பெட்டியில் இல்லை.

2004இல் எர்த்சீயைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் சரியான நடிகரைக்கூடப் போடவில்லை; கெட்டை வெள்ளைக்காரப் பையனாக்கிவிட்டார்கள். லே குவின் அந்த ஆண்டே கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். அதை விடுங்கள், எல்லோரும் பேசியாயிற்று. அதே தொடரில் நடந்த இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட வேடிக்கையாகத் தெரிகிறது. எர்த்சீயில் மந்திரம் என்பதே உண்மைப் பெயரை அறிவதுதான். உங்கள் உண்மைப் பெயர் தெரிந்தவருக்கு உங்கள் மேல் அதிகாரம் உண்டு. அதனால் ஊருக்கு ஒரு பெயர், உயிருக்கு உயிரானவர்களுக்கு மட்டும் இன்னொரு பெயர். ஊரார் அவனை ஸ்பாரோஹாக் என்று கூப்பிடுகிறார்கள், 'கெட்' ரகசியம். ஆனால் வாசகருக்கு அந்தப் பெயர் தெரியும். கதை சொல்கிறவர் நம்மை நம்பி அதைக் கொடுத்திருக்கிறார். கதை முழுக்க அந்த நம்பிக்கையின் கனம் நம்மோடு இருக்கிறது. தொடரில் இரண்டு பெயரையும் இடம் மாற்றிவிட்டார்கள். ரகசியப் பெயரை ஊர் முழுக்கக் கூவிக் கூப்பிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2006இல் ஜப்பானில் ஸ்டூடியோ கிப்லி எர்த்சீயை அனிமேஷன் படமாக எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு லே குவின் இயக்குநரிடம் சொன்னது, இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று. மரியாதையாக ஒரு கோடு கிழித்துவிட்டார். நீங்கள் எல்லோரும் அந்தக் கோட்டை உங்கள் விளம்பரப் பிரிவுக்குக் காட்டினால் நன்றாக இருக்கும்.

மந்திரம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நாவல்களில் மந்திரம் பெரும்பாலும் உள்ளே நடக்கிறது. பெயர் தெரிவது, விலை கொடுப்பது, ஆசைப்படுவது, ஆசையை அடக்குவது. மோதிரத்தின் கனம் ஃப்ரோடோவின் கழுத்தில் கூடுவது ஒரு பக்கத்தில் நடப்பதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில், நடந்து நடந்து, சோர்ந்து சோர்ந்து, நமக்கும் சேர்த்துக் கூடுகிறது. திரையில் இதற்கு என்ன செய்கிறீர்கள்? கண்ணைச் செருகவைக்கிறீர்கள், பின்னணியில் கிசுகிசுக் குரல். மந்திரவாதிகள் சண்டை என்றால் ஒருவர் கோலிலிருந்து நீல வெளிச்சம், எதிராளி கோலிலிருந்து சிவப்பு. எந்த நாவலானாலும் படத்தில் மந்திரம் ஒன்றுபோலவே இருக்கிறது: மின்சாரம். இது கணினி வந்த பிறகு பிடித்த வியாதி என்று நினைத்திருந்தால், 1958இல் டோல்கீன் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அவருடைய நாவலைப் படமாக்க ஒருவர் தயாரித்த கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு எழுதியது. அதில் அவர் அலுத்துக்கொள்ளும் விஷயங்களில் நீல விளக்குகள், தேவையில்லாத மந்திர உச்சாடனம், எடுத்ததற்கெல்லாம் கழுகு, சண்டைக் காட்சி மேல் மோகம் எல்லாம் வருகின்றன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் விளக்கின் நிறத்தைக்கூட நீங்கள் மாற்றவில்லை.

மைக்கேல் எண்டே இதைவிடச் சிக்கலான ஒன்றை எழுதினார். 1979இல் ஜெர்மன் மொழியில் வந்த 'தி நெவரெண்டிங் ஸ்டோரி'. பாஸ்டியன் என்ற சிறுவன் ஒரு புத்தகம் படிக்கிறான். படிக்கப் படிக்க அந்தப் புத்தகத்துக்கு அவன் தேவைப்படுகிறான். கடைசியில் உள்ளே போய்விடுகிறான். அவன் இருக்கும் உலகம் ஒரு நிற மையிலும், அவன் படிக்கும் கதை இன்னொரு நிற மையிலுமாக, சிவப்பும் பச்சையுமாக அச்சிட்டிருந்தார்கள். நாம் ஒரு புத்தகம் படிக்கிறோம், அதில் ஒருவன் புத்தகம் படிக்கிறான், அவன் படிக்கும் கதையில் அவனைத் தேடுகிறார்கள். அப்படியானால் நம்மை யார் தேடுகிறார்கள் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. 1984இல் வந்த படத்திலும் பாஸ்டியன் படிக்கிறான். அதை நாம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம். படிக்கிறவனை வேடிக்கை பார்ப்பது வேறு, படிப்பது வேறு.

அதோடு அந்தப் படம் நாவலின் ஏறக்குறையப் பாதியிலேயே, பையன் ஜெயித்த இடத்தில், முடிந்துவிட்டது. நாவல் அங்கேதான் திரும்புகிறது. பாஸ்டியன் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறது. ஒவ்வோர் ஆசைக்கும் அவனுடைய பழைய வாழ்க்கையிலிருந்து ஒரு நினைவு போகிறது. அப்பா முகம் வரைக்கும் மறந்துபோகிறான். கற்பனையின் இனிப்பை ஊட்டிவிட்டு, அதன் கசப்பையும் எண்டே எழுதினார். கசப்பை எடுத்துவிட்டால் அது வேறு கதை. 1990இல் வந்த இரண்டாவது படம் அந்தப் பாதியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது, அதன் இஷ்டத்துக்கு. எண்டேயோ முதல் படத்தையே எதிர்த்து வழக்குப் போட்டார், தோற்றார்.

நீளம் பற்றி ஒன்று. வெட்டினால்தான் குறை, நிறைய நேரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் இப்போது எல்லாவற்றையும் தொடராக எடுக்கிறீர்கள் போலிருக்கிறது. 'தி ஹாபிட்' 1937இல் வந்த சின்னப் புத்தகம், சுமார் 300 பக்கம். முதலில் இரண்டு படம் என்றார்கள், அப்புறம் மூன்றாக்கினார்கள். 2012, 2013, 2014 என்று வருஷத்துக்கு ஒன்று. மூன்றையும் சேர்த்தால் ஏழே முக்கால் மணி நேரத்துக்கு மேல். நிதானமாகப் படிக்கிறவரே அதற்குள் புத்தகத்தை முடித்துவிடுவார். அந்த நாவலின் கடைசிப் போரில் கதாநாயகன் பில்போ என்ன செய்கிறான் தெரியுமா? கழுகுகள் வருகின்றன என்று கத்துகிறான், ஒரு கல் தலையில் விழுகிறது, மயங்கிவிடுகிறான். கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. யார் செத்தார்கள், எப்படி ஜெயித்தார்கள் என்பதை அடுத்தவர் சொல்லித்தான் அவன் தெரிந்துகொள்கிறான், நாமும் தெரிந்துகொள்கிறோம். போர்க்களத்தைப் பார்த்த எழுத்தாளர் ஒருவர் எடுத்த முடிவு அது. டோல்கீன் முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் இருந்தவர். போரின் உச்சத்தில் கதாநாயகனுக்கு மயக்கம் வரவைத்ததை நான் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். படத்திலும் பில்போ மயங்குகிறான். கேமரா மயங்குவதில்லை. அது ஓடி ஓடி, பனிமேல் ஏறி, உடையும் கோபுரத்தில் தாவி எல்லாவற்றையும் பார்க்கிறது. நாவலில் இல்லவே இல்லாத லெகோலஸ் இந்தப் படத்தில் விழும் கற்களின் மேல் கால்வைத்து ஓடுகிறார்.

நேரம் கூடுதலாகக் கிடைத்ததும் அதை எதில் செலவழித்தீர்கள் பாருங்கள். ஒரு விருந்திலோ ஒரு புதிரிலோ இல்லை.

படிக்கிறவருக்கு நேரம் வேறு மாதிரி. ஒரு வரி பிடித்தால் அங்கேயே நிற்கலாம். வரைபடத்துக்குத் திரும்பிப்போய், இந்த ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்று விரலால் தேடலாம். சுசானா கிளார்க் 2004இல் எழுதிய 'ஜோனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்' நாவலில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. சில அடிக்குறிப்புகள் மேலே ஓடும் கதையை விட்டுவிட்டுப் பக்கக்கணக்கில் வேறு ஒரு கதையைச் சொல்லும். இல்லாத புத்தகங்களிலிருந்து மேற்கோள், இல்லாத அறிஞர்களின் சச்சரவு. இங்கிலாந்தில் நிஜமாகவே மந்திரத்துக்கு ஒரு வரலாறு இருந்தது என்று நம்மை நம்பவைப்பது அந்தப் பொடி எழுத்துகள்தான். 2015இல் அது ஏழு பகுதித் தொடராக வந்தது, நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் திரைக்கு அடிப்பக்கம் கிடையாது. வீட்டின் நிலவறையை விட்டுவிட்டு மாடியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

பிலிப் புல்மேனின் உலகத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் ஆன்மா ஒரு விலங்காக வெளியே, பக்கத்திலேயே இருக்கும். குழந்தைகளின் விலங்கு உருவம் மாறிக்கொண்டே இருக்கும். வளர்ந்தவுடன் ஒன்றில் நிலைத்துவிடும். இதை எழுத அவருக்கு ஒரு வரி போதும். சந்தையில் கூட்டம் என்று எழுதினால், அத்தனை பேர் பக்கத்திலும் அத்தனை விலங்குகளை நானே நிரப்பிக்கொள்கிறேன், காசு வாங்காமல். உங்களுக்கு ஒவ்வொன்றும் செலவு. பாவம்தான். ஆனால் அந்த உலகத்தைச் சொல்லும் முதல் நாவலின் படம் ('தி கோல்டன் காம்பஸ்') 2007இல் வந்தபோது போனது பூனையோ பருந்தோ இல்லை, முடிவு. எடுத்து வைத்திருந்த கடைசி அத்தியாயங்களையே கத்தரித்துவிட்டு, நம்பிக்கையோடு வானத்தில் பறப்பதோடு முடித்துவிட்டார்கள். நாவலின் இடி அதற்கப்புறம்தான் விழுகிறது. அடுத்த பாகத்தில் காட்டலாம் என்று எண்ணமாம். அடுத்த பாகம் வரவே இல்லை.

இதுவும் உங்களிடம் அடிக்கடி நடக்கிறது. நார்னியா ஏழு நாவல். 2005, 2008, 2010 என்று மூன்று படத்தோடு அந்த வரிசை நின்றது. பெர்சி ஜாக்சன் முதல் வரிசையில் ஐந்து புத்தகம், இரண்டு படம். எராகன் ஒரே படம். வசூல் சரியில்லை என்றால் நிறுத்தத்தான் வேண்டும், புரிகிறது. புத்தகக்காரர்களிலும் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் 2019இல் முடிந்துவிட்டது, நாவல் வரிசை ஐந்தாவது புத்தகத்தோடு 2011இலேயே நிற்கிறது. அதில் உங்களுக்கு ஒரு புள்ளி. எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்று நினைக்கிறேன். படம் வந்ததும் பழைய அட்டையை எடுத்துவிட்டு நடிகர்களின் முகத்தை அட்டையில் போடுகிறீர்களே, அதை நிறுத்த முடியுமா? எனக்கு முகங்கள் ஒரு பெரிய தொல்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு அந்த நாவலில் அந்த நடிகர்தான் பேசுகிறார். எனக்கு இருந்த பழைய முகம் எங்கே போனது என்றே தெரிவதில்லை. அது தெளிவான முகம்கூட இல்லை; அரைகுறையாக, தெரிந்த இரண்டு மூன்று பேரைக் குழைத்துச் செய்த ஒன்று. ஆனாலும் என்னுடையது. திரையின் முகம் அதைவிடக் கூர்மையாக இருப்பதால் சுலபமாக ஜெயித்துவிடுகிறது. படம் பார்க்காமல் தப்பித்தவரையும் அட்டையில் பிடித்துவிட்டால் அவர் எங்கே போவார்?

உங்களால் முடிந்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாவது படம் வாங்கிய 11 ஆஸ்கர்களும் சும்மா வந்தவை இல்லை. ஹோவர்ட் ஷோரின் இசை நாவலில் கிடையாது. அந்த இசை வந்த பிறகு ஷையர் என்ற ஊருக்கு ஒரு ராகம் ஒட்டிக்கொண்டது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. 'தி பிரின்சஸ் பிரைட்' 1973இல் நாவலாக வந்தது; எழுதிய வில்லியம் கோல்ட்மேனே திரைக்கதையும் எழுதி 1987இல் படமானது, இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 2004இல் 'ஹவுல்ஸ் மூவிங் கேசில்' எடுத்தபோது நாவலைப் பாதி வழியில் விட்டுவிட்டுத் தன் போக்கில் ஒரு போருக்குள் போய்விட்டார். அது நாவலின் உலகத்துக்கு உயிர் கொடுப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கலைஞர் இன்னொருவர் கதையைப் படித்துவிட்டுக் கண்ட கனவு மாதிரி இருந்தது. இப்படிப்பட்ட படங்களைப் பார்க்க எனக்குத் தயக்கமே வருவதில்லை. கவனித்துப் பார்த்தால், நாவலுக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்று சத்தியம் செய்கிற படங்கள்தான் என் தலைக்குள் இருப்பதை அதிகம் அழிக்கின்றன.

படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவர்கள் ஏராளம் என்பீர்கள். உண்மை. வந்தவர்களை நானும் வரவேற்கிறேன். படிக்க நேரமோ பார்வையோ பழக்கமோ வாய்க்காதவர்களுக்குப் படம்தான் கதவு என்பதும் உண்மை. இந்த மடல் அவர்களுக்கு எதிரானது இல்லை. "அதான் படம் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அவ்வளவு பெரிய புத்தகம்?" என்று எங்களிடம் கேட்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் எதிரானது.

சரி, என்னதான் கேட்கிறேன்? படம் எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. எல்லாவற்றையும் காட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். நாவல் இருட்டில் வைத்திருந்ததை நீங்களும் இருட்டில் வையுங்கள். சத்தத்தை மட்டும் விடுங்கள், நிழலை மட்டும் விடுங்கள், பார்க்கிறவர் மீதியைப் பார்த்துக்கொள்வார். அரக்கனை டிரெய்லரிலேயே முழுசாகக் காட்டிவிடாதீர்கள். படம் பார்க்காமல் இருக்கலாம், டிரெய்லரைப் பார்க்காமல் இருப்பது இந்தக் காலத்தில் நடக்காத காரியம். நாவல் கசப்பாக முடிந்தால் அந்தக் கசப்பைக் கத்தரிக்காதீர்கள். நீல விளக்கு பற்றி மேலே சொல்லிவிட்டேன். அப்புறம் அந்த "உயிர் பெறுகிறது" வாக்கியம். அதற்குப் பதிலாக "நாங்கள் படித்தபோது எங்களுக்கு இப்படித் தோன்றியது" என்று போடுங்கள். டிக்கெட் ஒன்றும் குறையாது.

நான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் வரிசைக்கும் படம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நடிகர் யார் என்று கேட்டுக்கொள்ளாமல் நகர்ந்துகொண்டிருக்கிறேன். அதன் கடைசிப் பாகத்தை முடித்துவிட்டுப் படத்துக்கு வருவேனா என்பது கதை எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்தது. முடிப்பதற்குள் வெளியிட்டுவிட்டால் நிச்சயம் வர மாட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்